எண் பூட்டு பொருத்த வந்தவர்

மலாயா சுதந்திரத்துக்கு முந்தைய ஆண்டு, காஜா பெராங்கில் ஒரு ரப்பர் வியாபார அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். போட்டிக்காரர்கள் அறியாதபடி விலைகளைச் சங்கேதச் சொற்களில் தந்தியடிப்போம். அந்தச் சங்கேதப் புத்தகங்கள் இருந்த இரும்பு அலமாரிக்கு எண் பூட்டு பொருத்த, எல்லோரும் 'நானா' என்று அழைக்கும் தமிழ் முஸ்லிம் ஒருவர் வந்தார். வெளுத்த சொங்கோக் தொப்பி, எண்ணெய்க் கறை ஏறிய விரல்கள்.

வேலை முடிந்ததும், "நம்பரை நீங்களே வச்சுக்குங்க முதலாளி, எனக்குத் தெரிய வேணாம்" என்று சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். எங்கு போனாலும் அதுதான் வழக்கமாம்.

முதலாளி எண்ணை வைத்துவிட்டு, அறையின் மறுகோடியில் இருந்த எனக்கு அதை உரக்கச் சொன்னார்.

பூட்டுக்காரர் முகம் செத்துப்போயிற்று. "என்ன முதலாளி இப்படிப் பண்ணிட்டீங்க! இனி எது காணாமப் போனாலும் மாத்தா என்னைத்தானே பிடிச்சு ஸ்டேஷன்ல போடுவான்?"

"வேற நம்பர் மாத்திக்கலாம் நானா, போங்க" என்று முதலாளி சிரித்தார். மாற்றவில்லை.

அடுத்த மாதமே ஒரு புத்தகம் காணாமல் போனது. பூட்டு உடையவில்லை. எண் தெரிந்தவர்கள் மூவர். முதலாளியையும் என்னையும் போலீஸார் நாற்காலியில் உட்காரவைத்து விசாரித்தார்கள். பூட்டுக்காரரைப் பிடித்துவந்து விலங்கு மாட்டினார்கள். நடந்ததை நான் சொல்லிப் பார்த்தேன். யாரும் காதில் வாங்கவில்லை.

ஜீப் வரும்வரை அவரை எங்கள் வாசலில் நிறுத்தியிருந்தார்கள். அவர் எங்களைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.