மொதல்ல சாப்டு

எங்கள் குடும்பத்தில் சாவுச் செய்தியை வெறும் வயிற்றில் சொல்ல மாட்டார்கள். பிணம் எடுக்கும்வரை அப்புறம் சாப்பிட முடியாதே என்ற கரிசனம். அப்பா ஆஸ்பத்திரியில் இறந்த அன்று, ஆபீஸிலிருந்து வந்த என்னிடம் அத்தை, "மொதல்ல சாப்டு, அப்புறம் பேசிக்கலாம்" என்றாள். ரசம் சாதத்தை வழித்துச் சாப்பிட்ட பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். அந்த ரசத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அதிலிருந்து யார் சாப்பிடச் சொன்னாலும் சந்தேகம்தான். மனைவி இன்னொரு கரண்டி சாதம் போட வந்தால் அவள் முகத்தைப் பார்ப்பேன். மேசையில் கவிழ்ந்து கிடக்கும் போனைப் பார்ப்பேன்.

"என்னத்த மறைக்கிற?"

"சாதம் மிச்சம் இருக்குங்க, அவ்ளோதான்."

அதையும் நம்ப மாட்டேன். சாம்பார் ஆறும்வரை சண்டை போடுவேன். பக்கத்தில் மகள் எங்கள் இருவரையும் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருப்பாள்.

போன வாரம் அவள் காலேஜ் முடிந்து, அடையாற்றிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து சேர்ந்தாள். மனைவி மயிலாப்பூர் மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். நானே தோசை வார்த்து வைத்திருந்தேன்.

"சூடா இருக்கும்மா, மொதல்ல சாப்டு" என்றேன்.

அவள் தோளிலிருந்து பையை இறக்கவில்லை. சமையலறையை எட்டிப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த தட்டைப் பார்த்தாள்.

"அம்மாவுக்கு என்னப்பா ஆச்சு?"