மஞ்சள் வைத்த கடிதங்கள்

கடிதம் எழுதியவர் வீட்டில் அவர் எழுதியது இருக்காது, அவருக்கு வந்தது மட்டும்தான் இருக்கும். இந்தச் சின்ன விஷயம் என் மண்டையில் ஏற ஐம்பது வயது ஆகவேண்டியிருந்தது. இத்தனைக்கும் பாகூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறவள் நான். "கண்ணுக்கு எதிர்ல இருக்கறது தெரியலியா" என்று பிள்ளைகளைப் பார்த்துத் தினமும் கத்துகிறவள்.

பெங்களூரிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். வேதியியலில் வேலை பார்த்தவர்களின் கடிதங்களையும் ஆய்வகக் குறிப்புகளையும் சேர்த்துவைக்கும் ஒரு காப்பகத்தில் இருக்கிறாளாம். கான்பூரில் சர்க்கரை ஆராய்ச்சி செய்த ஒரு தமிழரின் காகிதங்களை அவர் பிள்ளைகள் அங்கே கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒரு கட்டு முழுவதும் எங்கள் ஊர் ஒதியம்பட்டிலிருந்து போன கடிதங்கள். எல்லாம் என் அப்பா எழுதியவை. "அவருக்குப் பதில் வந்திருக்குமே மேடம், அந்தப் பாதி உங்க வீட்ல இருக்கா?" என்று கேட்டாள்.

இருந்தது. அம்மாவின் கட்டிலுக்கடியில், ட்ரங்குப் பெட்டியில், பழைய வேட்டியில் சுற்றி வைத்திருந்தாள்.

அப்பா எங்கள் பக்கத்துச் சர்க்கரை ஆலையில் கெமிஸ்ட். கரும்புச் சாற்றில் எவ்வளவு சுண்ணாம்பு சேர்த்தால் அழுக்கு அடியில் தங்கும், எவ்வளவு கூடினால் சாறு கறுக்கும் என்பதுதான் அவருடைய வாழ்நாள் கவலை. அந்தக் கவலையைப் பங்குபோட்டுக்கொள்ள எங்கள் ஊரில் ஆள் கிடைக்கவில்லை. கான்பூர்க்காரர் ஏதோ ஒரு பத்திரிகையில் எழுதிய கட்டுரையில் ஒரு தப்பைக் கண்டுபிடித்து இவர் கடிதம் போட, "தப்பு என்னுடையதல்ல, அச்சடித்தவனுடையது" என்று அவர் பதில் போட, அப்படித் தொடங்கியது சிநேகம். வேலைக்குச் சேர்ந்த புதிதிலிருந்து ஓய்வுபெற்றுக் கை நடுங்கும் வரை எழுதினார்கள். ஒருமுறைகூட நேரில் பார்த்துக்கொள்ளவில்லை. இவர் போவதாக இருந்தபோது ஆலையில் அரவைக் காலம். அவர் வருவதாக இருந்தபோது அவர் மனைவிக்கு உடம்பு சரியில்லை. அப்புறம் இரண்டு பேருக்கும் முட்டி போய்விட்டது. கான்பூர்க்காரர் முதலில் காலமானார், அடுத்த மழைக்காலத்தில் அப்பா.

வீட்டில் அப்பா பேசிய வார்த்தைகளை ஒரு உள்ளங்கைக்குள் அடக்கிவிடலாம். "சரி", "பாக்கலாம்", "உப்பு கம்மி". இதற்கு மேல் வேண்டுமென்றால் ஆலைக்குப் போய்த்தான் கேட்கவேண்டும்.

காப்பகம் கேட்ட விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன்.

"குடுக்கலாம். ஆனா ஒண்ணு. கான்பூரு காயிதம் வச்சிருக்கற பொட்டியிலயே இதையும் வைக்கணும். உசுரோட இருந்தப்ப ரெண்டு பேரும் ஒரு நாளு கூட மூஞ்சி பாத்துக்கல. இனிமேலாச்சும் ஒரே எடத்துல இருக்கட்டும்."

"இல்லன்னா?"

"இல்லன்னா என் கட்டிலுக்கடியிலயே கெடக்கட்டும்."

அப்பா போன பிறகு அம்மா யாரிடமும் எதையும் கேட்டதில்லை. என்னிடம் ஒரு புடவைகூடக் கேட்டதில்லை. அவள் வாய்விட்டுக் கேட்டது இந்த ஒன்றைத்தான். எப்பாடுபட்டாவது இதை நடத்திக் கொடுத்துவிடவேண்டும் என்று நானும் மனசுக்குள் முடிவுகட்டிக்கொண்டேன்.

காப்பகத்துப் பெண் வருவதற்கு முன் போனில் திரும்பத் திரும்ப ஒன்றைச் சொன்னாள். எதையும் பிரிக்கவேண்டாம், துடைக்கவேண்டாம், ஒட்டவேண்டாம், இருக்கிறபடியே இருக்கட்டும். அதை அப்படியே அம்மாவிடம் ஒப்பித்தேன். அம்மா தலையாட்டினாள். அம்மா தலையாட்டினால் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல.

அந்தப் பெண் வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை, மூலக்குளத்தில் இருக்கும் என் வீட்டிலிருந்து ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் உயிரைப் பிடித்துக்கொண்டு ஒதியம்பட்டுக்கு வந்து சேர்ந்தால், கூடம் முழுக்கக் கடிதங்கள் பரப்பிக் கிடந்தன. நடுவில் அம்மா சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். மடிக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம், கிண்ணத்தில் குழைத்த மஞ்சள். ஒவ்வொரு கடிதத்துக்கும் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி முடித்து, கடைசி இன்லண்டு லெட்டரை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா பண்ணி வச்சிருக்க?"

"மஞ்ச வச்சிருக்கேன்."

"எதையும் தொடைக்காதன்னு அவ்ளோ தூரம் சொன்னனே."

"தொடைக்கலியே. வச்சேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எதுக்கு, எதுக்கு என்று கத்தினேன். அம்மா நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"பின்ன இன்னா, வெறுமனே அனுப்பச் சொல்றியா? மஞ்ச இல்லாம ஒரு காயிதம் வூட்ட வுட்டுப் போனா அது கருமாதிப் பத்திரிகைடி. நல்ல காரியமாத்தான போவுது?"

கல்யாணப் பத்திரிகை நான்கு மூலையில் மஞ்சள் இல்லாமல் எங்கள் பக்கத்தில் வாசல் தாண்டாது. மஞ்சளே படாமல் வருவது கருமாதிப் பத்திரிகை மட்டும்தான். புருஷன் போனவள் மஞ்சள் கிண்ணத்தைத் தொடலாமா என்று கேட்கக்கூடியவர்கள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். அம்மா அவர்களிடம் கேட்கவில்லை, என்னிடமும் கேட்கவில்லை.

ஆனால் இதைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் வேண்டாம் என்று திரும்பிப் போய்விட்டால்? அவசரத்தில், உள்ளே ஒன்றுமில்லாத ஒரு வெற்று உறையை எடுத்து, துணியில் சோப்பு நனைத்து மூலையை லேசாக ஒற்றிப் பார்த்தேன். மூலை பளிச்சென்று சிவந்தது.

மஞ்சளில் சோப்புத் தண்ணீர் பட்டால் சிவக்கும், காரத்துக்கு அது ஓர் அடையாளம் என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப்போடுகிறவள் நான்தான். சிவந்த உறையைக் கையில் வைத்துக்கொண்டு, வகுப்பில் மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி நின்றேன். அம்மா எட்டிப் பார்த்தாள்.

"நான் மஞ்ச வச்சேன். நீ குங்குமம் வச்சிட்ட."

அதற்கு மேல் என்னால் கோபத்தைக் காப்பாற்ற முடியவில்லை. இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து முடித்ததும் பயம் மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டது.

காப்பகத்துப் பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும், தர்மபுரிப் பக்கம் பிறந்து பெங்களூரில் வளர்ந்தவள். கடிதங்களைப் பார்த்தாள். ஒன்றை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். "எப்பம்மா வச்சீங்க?" என்றாள். "இப்பதான். ஈரம் காயட்டும், கை வைக்காத" என்றாள் அம்மா.

நான் முந்திக்கொண்டு, இதைத் தண்ணீரில் போட்டுவிடாதீர்கள் என்றேன். அவளுக்குத் தெரிந்திருந்தது. பழைய தாளில் அமிலம் ஏறி நொறுங்காமல் இருக்கச் சுண்ணாம்பு கலந்த தண்ணீரில் முக்கி எடுப்பது அவர்கள் வழக்கமாம். "இதுல அதைச் செஞ்சா எல்லாம் சிவந்துடும். செய்ய மாட்டோம், நல்ல பெட்டியாப் பாத்துப் போட்டுக்கலாம்" என்றாள்.

"அப்ப எடுத்துப்பீங்களா?"

"எடுத்துக்காம? வீட்டைவிட்டுக் கிளம்பின அன்னைக்கு கடிதம் வாங்கினவரோட மனைவி மஞ்சள் வச்சாங்கன்னு பட்டியல்ல எழுதிடுவோம். அதுவும் இந்தக் கடிதங்களோட கதைதானே மேடம்."

எனக்கு மூச்சு வந்தது. அம்மாவுக்கு வரவில்லை. "கான்பூரு பொட்டியிலதான வைப்பீங்க?" என்று கேட்டாள்.

அந்தப் பெண்ணின் முகம் சுருங்கியது. ஒரு வீட்டிலிருந்து வந்த காகிதத்தை இன்னொரு வீட்டுக் காகிதத்தோடு எந்தக் காரணத்துக்காகவும் கலக்கக்கூடாது, அவர்கள் தொழிலில் அதுதான் முதல் விதி என்று விளக்கினாள். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, ட்ரங்குப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அப்ப எதுக்குமா எடுத்துனு போற?"

"ஒரே அலமாரியில, பக்கத்துப் பக்கத்துல வைக்கறேம்மா."

"ஒதியம்பட்டும் கான்பூரும் கூடத்தான் ஒரே நாட்டுல இருந்துச்சு. பாத்துக்கினாங்களா?"

கெஞ்சிப் பார்த்தேன். அம்மா பெட்டியிலிருந்து கையை எடுக்கவில்லை. இவ்வளவு தூரம் வந்து முறிந்துபோகிறதே. யார் பக்கம் பேசுவது என்றும் தெரியவில்லை. அம்மா கேட்டது நியாயம், அந்தப் பெண் சொன்னதும் நியாயம்.

காப்பகத்துப் பெண் மட்டும் மஞ்சள் மூலைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசிக்க வருகிறவர்களுக்கு அங்கே ஒரு மேசையில் ஒரு சமயத்தில் ஒரு பெட்டியைத்தான் திறப்பார்களாம். இரண்டைத் திறந்தால் தாள்கள் கலந்துவிடும், பிறகு பிரிப்பது பெரும்பாடு. "ஆனா இதுல ஒரு தாள் அந்தப் பெட்டிக்குள்ள போயிட்டாலும் ஒரே பார்வையில தெரிஞ்சுடும், இல்ல?" என்றாள். எழுந்துபோய் வாசலில் நின்று போனில் யாரிடமோ கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் பேசினாள். திரும்பி வந்து அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"பெட்டி தனித்தனிதாம்மா. அதை மாத்த முடியாது. ஆனா யார் வந்து கேட்டாலும் இந்த ரெண்டையும் ஒண்ணா, ஒரே மேசையில திறந்து வைப்போம். கடிதம், பதில், கடிதம், பதில்னு வரிசையா வச்சுப் படிக்கலாம். மேலதிகாரி ஒத்துக்கிட்டாங்க."

அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நான் வந்து பாப்பேன்."

"வாங்கம்மா."

அம்மா பெட்டியிலிருந்து கையை எடுத்தாள்.

பள்ளிக்கூட விடுமுறையில் பெங்களூருக்குப் போனோம். கட்டிக்கொண்டு போன புளிசாதத்தை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள், என் பேனாவையும்தான். அம்மாவுக்குப் புளிசாதத்தின் மேல்தான் கவலை. உள்ளே நீளமான மேசை. அந்தப் பெண் சொன்னபடியே இரண்டு பெட்டிகளையும் கொண்டுவந்து திறந்தாள். ஒன்றில் மஞ்சள் மூலைகள், இன்னொன்றில் அப்பா எழுதிய வெறும் தாள்கள். தேதி பார்த்து, அப்பாவின் கடிதத்தை எடுத்துவைத்து, அதன் பக்கத்தில் கான்பூர்க்காரரின் பதிலை வைத்தாள். அம்மா இரண்டையும் விரலால் நேராக்கினாள்.

"பாத்துக்கினாங்க" என்றாள்.

வந்த காரியம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். அம்மா மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, அப்பாவின் கடிதத்தைப் படிக்கத் தொடங்கினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பா அம்மாவுக்கு ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. எழுதவேண்டிய தூரத்தில் அவர்கள் ஒருநாளும் இருந்ததில்லை. அப்பாவின் எழுத்து என்று அம்மா பார்த்ததெல்லாம் மளிகைச் சீட்டுதான்.

அந்த மனுஷன் கடிதத்தில் வாய் ஓயாமல் பேசியிருந்தார். சுண்ணாம்பு பற்றி ஒரு பத்தி, உடனே மழை, ஆலை மேலாளரின் குறட்டை, நான் கணக்கில் வாங்கிய மார்க், வீட்டுக் கத்தரிக்காய்க் குழம்பின் மகிமை. அம்மா பக்கத்துக்குப் பக்கம் வாயில் கைவைத்தாள்.

"இவராடி இது? இவ்ளோ பேச்சா பேசுவாரு?"

பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். மெதுவாம்மா என்றேன். அம்மா அடுத்த கடிதத்தை எடுத்தாள். பாதி தூரம் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு தாளை என் பக்கம் தள்ளி, ஓர் இடத்தைச் சுட்டிக்காட்டினாள்.

"இன்று காலை வீட்டில் சண்டை. அவள் சொன்னதுதான் சரி. ஆலையில் எதையும் அளந்து சொல்லிவிடுகிறேன், இதைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. உங்களிடமாவது சொல்லிவைக்கிறேன்."

எந்தச் சண்டை என்று கேட்டேன். அம்மா தேதியைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், எவ்வளவோ யோசித்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை.

"போனா போவுது" என்றாள். கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முகமெல்லாம் சிரிப்பு. "எல்லாச் சண்டைக்கும் சேத்து எடுத்துக்கறேன்."