சவுனாவில் சொன்ன எண்

ஹெல்வி ஹூட்டினென்னை அலுவலகத்தில் பிடிவாதக்காரி என்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஒரு எண் தப்பென்று தெரிந்துவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது, அவ்வளவுதான்.

பின்லாந்து ஆண்டுதோறும் எவ்வளவு கரிவாயுவை வெளியே விட்டது என்று ஐ.நா.வுக்கு எழுதிக் கொடுப்பது எங்கள் வேலை. பருவநிலை ஒப்பந்தப்படி எங்கள் புகையை நாங்களே அளந்து நாங்களே எழுத வேண்டும். அப்புறம் வெளிநாட்டு நிபுணர்கள் வந்து கேள்வி கேட்பார்கள். இதில் காடுகள் ஹெல்வியின் பொறுப்பு. வடிகால் வெட்டி மரம் வளர்த்த சதுப்புக் காடுகளில் பதின்மூன்று கோடை முட்டி போட்டு, மண்மேல் பெட்டியைக் கவிழ்த்து, காய்ந்த சதுப்பு மண் மக்கும்போது கிளம்பும் வாயுவை அளந்தாள். நாங்கள் எழுதி வந்ததைப் போல இரண்டு மடங்கு வந்தது. அதைச் சேர்த்தால் நாடு ஒப்புக்கொண்ட இலக்கு கைவிட்டுப் போகும். இலையுதிர்காலத்தில் அவளுக்குப் பணி ஓய்வு. அதற்குள் அந்த எண் அறிக்கையில் ஏற வேண்டும். அவளுக்கு வேறு ஆசை இல்லை.

மார்ச் மாதம் அலுவலக சவுனாவில், அதாவது நீராவிக் குளியல் அறையில், மூன்று பேர் வியர்க்க உட்கார்ந்திருந்தோம்: ஹெல்வி, பிரிவுத் தலைவி அயிலா, நான். அங்கே துணியோடு பதவியையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் உட்காருவோம். அங்கே பேசியதை வெளியே கொண்டுபோகிறவளை எங்கள் பக்கம் மனுஷியாகவே மதிக்க மாட்டார்கள்.

"இந்த வருஷம் யார்கிட்டயும் கேக்கப் போறதில்லடி. நேரா எழுதிடப் போறேன்," என்றாள் ஹெல்வி.

அயிலா சூடான கல்மேல் தண்ணீர் ஊற்றினாள். "எழுதுடி. பதிமூணு வருஷம் கொசுவுக்கு ரத்தம் குடுத்தவ. உன்னை யாரு தடுப்பா?"

முப்பதாண்டு சிநேகிதி. ஹெல்வி நம்பினாள். நானும் நம்பினேன், நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

மறுநாளே அயிலா மேலிடத்துக்குப் போய் ஓதிவிட்டாள். ஏப்ரலில் அறிக்கை போனபோது பழைய எண்தான் இருந்தது. ஹெல்வியின் பதின்மூன்று கோடை, 'இனிச் செய்ய உத்தேசித்துள்ள மேம்பாடுகள்' என்ற தலைப்பின்கீழ் ஒற்றை வரியாகக் கிடந்தது.

"நிபுணருங்க வரட்டும். அவங்க விட மாட்டாங்க," என்றாள் ஹெல்வி.

செப்டம்பரில் வந்தார்கள். உருகுவேக்காரர் ஒருவர் சரியாக அந்த வரியில் விரல் வைத்தார். "இதை ஏன் சேக்கலை?"

அயிலா ஒரு தாளை நீட்டினாள். "அளவு இன்னும் போதாதுன்னு எங்க ஹெல்வியே எழுதிக் குடுத்திருக்காங்க."

ஹெல்வி எழுதியதுதான். ஆறு வருடத்துக்கு முன்னால், வேலை பாதியில் இருந்தபோது, நேர்மையாக எழுதியது.

"தேதியைப் பாருங்க," என்று ஹெல்வி தன் அளவுகள் முழுவதையும் அவர் முன்னால் வைத்தாள்.

அவர் பொறுமையாகப் படித்தார். "உங்க வேலையில எனக்குச் சந்தேகமே இல்லைங்க. ஆனா நாடு குடுத்த அறிக்கையைத்தான் நாங்க பாக்க முடியும். அடுத்ததுல சேக்கச் சொல்லிப் பரிந்துரை எழுதுறோம்."

"சேக்கலைன்னா?"

"திரும்பவும் பரிந்துரைப்போம்."

இடைவேளையில் அயிலா ஒரு கோப்பையை நீட்டினாள். "காபி ஆறுதுடி. வா."

"நீங்க குடிங்க, மேடம்," என்றாள் ஹெல்வி. அதன்பிறகு அவள் அயிலாவிடம் பேசவேயில்லை.

இப்போது காடுகள் என் பொறுப்பு. அடுத்த அறிக்கையும் போய்விட்டது. அதே பழைய எண், அதே ஒற்றை வரி. தயாரித்தவர் என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது.