மூடியிருந்த கிண்ணம்

நிஜாம் காலத்தில் எங்களுக்கு லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் வீடு. ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தபசுகாலத்து வெள்ளிக்கிழமைகளில் நான் இறைச்சி தொடமாட்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அப்படியொரு வெள்ளியன்று பக்கத்து வீட்டு பாத்திமா பீபி மூடிய கிண்ணத்தோடு வந்தார்.

"இன்னைக்குக் கறியெல்லாம் எங்க வாசப்படி ஏறக்கூடாது" என்று முகத்திலடித்தாற்போல் சொன்னேன்.

அவர் மூடியை எடுத்தார். எண்ணெய் மினுங்கும் கத்திரிக்காய். "வெள்ளிக்கிழமை உங்களுக்குக் கறி நக்கோ, வேணாம்னு தெரியும்மா. அதான் இது பண்ணேன்" என்றவர், கிண்ணத்தோடு திரும்பிவிட்டார்.

மறுநாளே மன்னிப்புக் கேட்டிருக்கலாம். வெட்கம் விடவில்லை. ஈஸ்டருக்கு முன் கோவில் சாமியாரிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில்தான் இதைச் சொல்லி அழுதேன். அவர் பரிகாரமாக ஜெபம் எதுவும் சொல்லச் சொல்லவில்லை. "அந்தம்மா கையால ஒருவேளை சாப்பிடு. அதுதான் உனக்கு அபராதம்" என்றார்.

ஓடினேன். வீடு பூட்டியிருந்தது. அவர் கணவருக்கு எங்கேயோ மாற்றலாகிவிட்டதாம்.

எத்தனை ஜெபமாலை சொன்னாலும் அந்த அபராதம் மட்டும் தீரவில்லை.