மிஷினைத் துடைக்க வேண்டாம்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் மூக்கை வைத்தே பிழைத்த ஆள் என்றால் அது புருஷோத்தமன்தான். சேதராப்பட்டில் ஒரு சோப்பு கம்பெனியில் இருபத்துநாலு வருஷம் மிஷின் ஆபரேட்டர். கலவையில் எலுமிச்சை வாசனை துளி கூடினாலும், சூப்பர்வைசர் சொல்வதற்கு முன்னால் அவர் மூக்கு சொல்லிவிடும். அந்த மூக்கைத்தான் கொரோனா இரண்டாவது அலை வந்து வாரிக்கொண்டு போயிற்று. உயிரை விட்டுவிட்டு வாசனையை மட்டும் எடுத்துக்கொண்டது. "ஆறு மாசத்துல வந்துடும்" என்றார் டாக்டர். எங்கே வந்தது? இன்றுவரை மல்லிகைப்பூவும் மண்ணெண்ணெயும் அவருக்கு ஒன்றுதான்.

அதோடு விட்டதா? அடுத்த வருஷமே மனைவி தனக்கொடியும் போய்ச் சேர்ந்தாள். காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றாள். மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்தக் கடைசி ஒரு வருஷம், பக்கத்திலேயே இருந்தும், அவள் வாசனை அவருக்குத் தெரியவில்லை. இந்த வயிற்றெரிச்சலை அவர் யாரிடம் போய்ச் சொல்லுவார்?

தனக்கொடி உடம்புக்குச் சோப்பு தொட்டவளே இல்லை. கம்பெனியில் மாசாமாசம் கொடுக்கும் கட்டிகளை எல்லாம் தெருவுக்கே பங்கு போட்டுவிடுவாள். "ஒங்க சோப்பு ஒங்களோட இருக்கட்டும், எனக்கு என் பொடி போதும்" என்பாள். பச்சைப்பயறு, கடலைப்பருப்பு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, பெரிய மார்க்கெட்டில் சாயங்காலம் சல்லிசாகக் கிடைக்கும் ரோஜா. எல்லாவற்றையும் மொட்டைமாடியில் காயவைத்து மில்லில் கொடுத்து அரைத்து, எவர்சில்வர் டப்பாவில் அடைத்து வைப்பாள். குளித்துவிட்டு அவள் கூடத்தைத் தாண்டினால் வீடே அவளாக மணக்கும்.

இப்போது அந்த டப்பாவில் மூன்று ஸ்பூன் பொடிதான் மிச்சம். மகள் கலைவாணிக்கோ விசா வந்துவிட்டது. அவள் வாக்கப்பட்டது குருசுக்குப்பத்தில், பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள குடும்பம். மாப்பிள்ளை செல்வகுமார் முன்னாலேயே பாரிஸ் போய் வீடு பார்த்துவிட்டான். வருகிற ஞாயிற்றுக்கிழமை இவளும் கிளம்புகிறாள்.

"எனக்கு நகை நட்டெல்லாம் வேணாம்ப்பா. அம்மா பொடி ஒரு டப்பா குடு, போதும்."

அவள் கேட்டது அவ்வளவுதான். கொடுக்காமல் அனுப்ப முடியுமா? சாமான் பட்டியல் அவருக்கு அத்துப்படி. நாட்டு மருந்துக் கடையில் வாங்கி வந்து போட்டதே அவர்தானே! வாங்கினார், காயவைத்தார், அரைத்தார். ஆனால் சரியாக வந்திருக்கிறதா என்று யார் சொல்வது? அவரிடம்தான் மூக்கு இல்லையே. மகள் மூக்குதான் கதி. அவளும் போய்விட்டால் அப்புறம் அந்த வாசனையைத் தெரிந்த ஒரு ஜீவன் இந்த ஊரில் கிடையாது.

கலைவாணி பழைய டப்பாவைத் திறந்து முகர்ந்தாள். அப்புறம் புதுசை முகர்ந்தாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மார்க்குக்குக் காத்திருப்பதுபோல அவர் எதிரே நின்றார்.

"நல்லாதான்ப்பா இருக்கு. கடையில விக்கற மாதிரியே இருக்கு."

"கடையில விக்கற மாதிரியா? அப்போ அம்மா மாதிரி இல்ல?"

அவள் டப்பாவை மூடினாள். அவருக்குச் சுருக்கென்றது.

இரண்டாவது தடவை பூலாங்கிழங்கைக் கூட்டினார், வெட்டிவேரைக் குறைத்தார். ம்ஹும். "என்னமோ ஒண்ணு கொறையுது" என்றாள். என்ன என்று அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை. அதற்குள் வியாழக்கிழமை வந்துவிட்டது. மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாவது தடவையாகப் பையைத் தூக்கிக்கொண்டு மில்லுக்குப் போனார். மில் சுரையாவுடையது. புருஷன் அன்வருதீனுக்கு முட்டிவலி வந்ததிலிருந்து அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். வாய் கொஞ்சம் நீளம், மனசு சுத்தம்.

"சீயக்காய் மிஷினைச் சுத்தமாத் தொடச்சியாம்மா? நொய் போட்டு ஒரு ஓட்டு ஓட்டிடு. முன்னாடி அரைச்சவங்க வாசனை ஒட்டக் கூடாது."

ஒவ்வொரு தடவையும் இதே பாட்டுதான். கம்பெனிப் பழக்கம். முந்தின கலவை மிஷினில் துளி தங்கினாலும் அங்கே மொத்தச் சரக்கும் தள்ளுபடி. இருபத்துநாலு வருஷம் துடைத்த கை சும்மா இருக்குமா?

சுரையாவுக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, நானும் ரெண்டு வாட்டியா பாக்கறேன். ஆபரேஷனுக்குக் கத்தி கழுவற மாதிரி கழுவச் சொல்றீங்க. தனக்கொடி அக்கா இருந்தவரைக்கும் ஒருநாள்கூட தொடைக்க விட்டதில்ல, தெரியுமா?"

"இன்னா சொல்ற?"

"அக்கா இந்த மிஷினுக்கே வராது. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குக் கடை சாத்தறதுக்கு முன்னாடி கடைசி ஆளா வரும். மொதல்ல மாவு மிஷின்ல ஒங்களுக்குச் சத்துமாவு அரைக்கும். அந்தச் சூட்டோட, அதே மிஷின்ல, பின்னாடியே குளியல் பொடியைக் கொட்டச் சொல்லும். உள்ள மாட்டிக்கிட்ட மாவை வீணாக்குவானேன், ஒடம்புக்காவது ஆவட்டும்னு சொல்லும். அதுக்கப்புறந்தான் நாங்க கழுவிட்டுக் கடை சாத்துவோம்."

"இத ஏன் முன்னாடியே சொல்லல?"

"நல்லா கேட்டீங்க! நீங்க எங்க என்னைப் பேச விட்டீங்க?"

புருஷோத்தமன் பையை மடியில் வைத்துக்கொண்டு அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். சத்துமாவு! வேலைக்குப் போன காலமெல்லாம் ஃபர்ஸ்ட் ஷிப்டுக்குக் கிளம்பும்போது அவர் குடித்தது அந்தக் கஞ்சிதான். வறுத்த கேழ்வரகும் ஏலக்காயும் சுக்கும் போட்ட கஞ்சி. அவள் போனதிலிருந்து காலையில் வெறும் டீ. அவருக்கென்று அரைத்த மாவைத்தான் அவள் தினமும் உடம்பில் பூசிக்கொண்டு நடமாடியிருக்கிறாள். ஒரு வார்த்தை சொன்னாளா, பாவி! சொல்வதற்கு அதில் என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பாள்.

அன்று மத்தியானமே அடுப்பைப் பற்றவைத்தார். சாமான் கணக்கை சுரையாதான் சொல்லி அனுப்பியிருந்தாள். கேழ்வரகு, கம்பு, கோதுமை, பொட்டுக்கடலை, ஏலக்காய், சுக்கு. வறுபட்டதா, கருகிற்றா என்று மூக்குள்ளவன் வாசனையிலேயே கண்டுபிடிப்பான். இவர் வாணலிமேல் காதை வைத்துக்கொண்டு கேழ்வரகு வெடிக்கிற சத்தத்தைக் கேட்டார், கம்பின் நிறத்தைப் பார்த்தார். முதல் ஈடு தீய்ந்து போயிற்று. வீடெல்லாம் புகை வந்தபிறகுதான் அவருக்கே தெரிந்தது. இரண்டாவது ஈடு தேறியது.

வெள்ளிக்கிழமை கடைசி ஆளாகப் போய் நின்றார். மாவு முடிந்ததும் கை தானாகத் துணியைத் தேடியது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். சுரையா பார்த்துச் சிரித்துவிட்டு, குளியல் பொடிச் சாமானை அப்படியே மிஷினில் கொட்டினாள்.

சாயங்காலம் கலைவாணி வந்தாள். இந்தத் தடவை பழைய டப்பாவைத் தேடவே இல்லை. புதுசைத் திறந்தாள், முகத்தைக் கிட்டே கொண்டுபோனாள், கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. நிமிர்ந்தபோது மூக்கு நுனியில் பொடி ஒட்டியிருந்தது, கண் நிறைந்திருந்தது.

"எப்படிம்மா இருக்கு? எனக்குக் கொஞ்சம் சொல்லேன்."

"எப்படிச் சொல்றது..." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீ ஷிப்டுக்குக் கெளம்பிக்கிட்டு இருப்ப. நான் பாதித் தூக்கத்துல இருப்பேன். அம்மா குளிச்சுட்டு வந்து எனக்குப் போர்த்தி விடுமே, அந்த மாதிரி இருக்குப்பா."

அவரும் டப்பாவை வாங்கி ஆழமாக இழுத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. நாலு தும்மல்தான் வந்தது. தும்மலோடு தும்மலாக அழுதும் தீர்த்துக்கொண்டார். தனக்கொடி அவருக்கு அவ்வளவு வேண்டியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குருசுக்குப்பத்தில் கார் வந்து நின்றது. பெட்டியெல்லாம் ஏற்றியாகிவிட்டது. புருஷோத்தமன் அப்போதுதான் வேகவேகமாக வந்தார். காதோரமும் கழுத்தும் குளியல் பொடி ஒட்டி மஞ்சள் மஞ்சளென்று இருந்தன. சம்பந்தியம்மா பார்வதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"இன்னா சம்பந்தி, மாப்பிள்ளைக் கோலமா? கல்யாணம் யாருக்கு?"

"சும்மாதான் குளிச்சேன்" என்று நெளிந்தார்.

கலைவாணி "போய்ட்டு வர்றேன்ப்பா" என்று சொல்லக் கிட்டே வந்தாள். வந்தவள் சட்டென்று நின்றாள். அடுத்த நிமிஷம் அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சின்னப் பிள்ளையில்கூட அவள் அவரை அப்படிக் கட்டிக்கொண்டதில்லை. அம்மா பிள்ளை அவள்.

டிரைவர் ஒரு தடவை ஹாரன் அடித்தான். "நேரமாவுது" என்றார் பார்வதி. கலைவாணி விடவில்லை. அவள் கட்டிக்கொண்டிருப்பது யாரை என்று புருஷோத்தமனுக்குத் தெரியும். அவர் மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு, அவளாக முகத்தை எடுத்துக்கொள்கிறவரைக்கும் அசையாமல் நின்றார்.