மறைக்கல்விக்கும் நீதிபோதனைக்கும் நடுவில்

பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்புக்கு மட்டும் பிள்ளைகளை மதம் பார்த்துப் பிரித்து உட்கார வைக்கிறார்களே, அது நல்லதா, கெட்டதா? இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை.

எண்பதுகளில் அப்பா ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். நான் படித்தது கன்னியாஸ்திரிகள் நடத்திய தமிழ்வழிப் பள்ளியில். அங்கே காலை முதல் பீரியடில் கத்தோலிக்கப் பிள்ளைகள் வேதபாட வகுப்பான மறைக்கல்விக்கு எழுந்து போவார்கள். மற்றவர்களுக்கு அதே அறையில் நீதிபோதனை. நாங்கள் புராட்டஸ்டண்டுகள். எங்களுக்கென்று மூன்றாவது அறை கிடையாது. நாமும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவர்கள்தானே என்று நான் மறைக்கல்வி வரிசையில் போய் நின்றுகொண்டேன். யாரும் கேட்கவில்லை.

அந்த வருடம் அந்தப் பிள்ளைகளுக்குப் புதுநன்மை. முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் நாள். வெள்ளை கவுனும் தலையில் பூமுடியும் உண்டு. எனக்கும் உண்டு என்றே நம்பி, மாதா ஜெபத்தை மனப்பாடம் செய்தேன். புராட்டஸ்டண்டுகள் மாதாவிடம் ஜெபிப்பதில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

ஒருநாள் மாலை வீட்டு ஜெபத்தில் அதைப் பெருமையாகச் சொன்னேன். பாதியில் திக்கியது. அடுத்த வரியை அம்மா எடுத்துக் கொடுத்தாள். அப்பா பைபிளை மூடினார். என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தார். "நாளைக்கே ஸ்கூலுக்குப் போய்ச் சொல்லிட்டு வந்துடு" என்றார்.

நாங்கள் கத்தோலிக்கர் இல்லை என்று மறுநாள் அம்மா போய்ச் சொன்னதை சிஸ்டர் நம்பவில்லை. "எல்லாரையும்விட இவதாம்மா நல்லா சொல்றா. நம்ம பிள்ளைன்னுல்ல நெனச்சேன்?"

"இல்ல சிஸ்டர்" என்றாள் அம்மா, தரையைப் பார்த்துக்கொண்டு.

நீதிபோதனை டீச்சர் என்னைக் கண்டதும், "நீ கிறிஸ்டியன்தானே? அங்க போ" என்றார்.

"அங்கேருந்துதான் டீச்சர் அனுப்பிட்டாங்க."

"இன்னாடி, ரெண்டு ஊட்லயும் சோறு இல்லியா?" என்றாள் கடைசி பெஞ்சுக்காரி. வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அம்மாவைத்தான் பிடித்துக்கொண்டேன். "நீயே சொல்லிக் குடுத்துட்டு நீயே வேணாங்கிற!" அவள் எனக்குத் தலை பின்னிவிட்டாள்.

அம்மா பிறப்பால் கத்தோலிக்கப் பெண் என்பதும், அப்பாவைக் கட்டிக்கொள்ளச் சபை மாறியதில் பிறந்த வீட்டின் வாசலே அவளுக்கு இல்லாமல் போனது என்பதும் அன்று எனக்குத் தெரியாது.

இப்போது என் மகளை அப்படியொரு பள்ளியில்தான் சேர்க்கப் போகிறோம். என் கணவர் இந்து. மறைக்கல்வியா, நீதிபோதனையா என்று சேர்க்கும்போதே கேட்கிறார்கள். "நீயே முடிவு பண்ணு" என்று அவர் ஒதுங்கிக்கொண்டார். பெருந்தன்மைதான், ஆனால் எனக்குத் தூக்கம் போய்விட்டது. மகளையே கேட்கலாமா? ஐந்து வயதில் அதைக் கேட்பது நியாயமா? இப்படிப்பட்ட வீட்டில் பிள்ளை வளர்த்தவர்கள் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள்.