ரொட்டிக்காரி நிகாரெட்டா

ஏதென்ஸ் சந்தையில் ரொட்டி விற்கும் பெண்களிடம் வாய் கொடுக்க யாரும் துணிய மாட்டார்கள். நிகாரெட்டாவிடம் மற்ற ரொட்டிக்காரிகளே வாய் கொடுப்பதில்லை. தலையில் பார்லி ரொட்டிக் கூடை, முதுகில் வடம்போல் தடித்த பின்னல். கூடையைக் கையால் தொடாமலே குன்றேறி, கோயில் வேலையாட்களுக்கு விற்பாள். கணவன் டெக்சியோஸ் போர்க்கப்பலில் துடுப்பு போட்டுக்கொண்டிருந்தான்.

குன்றின் மேல் எழும்பிய புதுக் கோயிலில், ஒரு பக்க மண்டபத்துக்குத் தூண்களுக்குப் பதில் ஆறு கல் பெண்களை நிறுத்துவதாக ஏற்பாடு. அதில் ஒருத்தி சிற்பி சோசாந்தரின் பொறுப்பு. கழுத்துதான் அவரை வாட்டியது. மெலிதாகச் செதுக்கினால் கூரையின் பாரத்தில் ஒடிந்துவிடும். தடியாகச் செதுக்கினால் மல்யுத்தக்காரன் கழுத்தாகிவிடும். ஒருநாள் நிகாரெட்டா படியேறுவதைப் பின்னாலிருந்து பார்த்தார்.

"கூடையோட அப்படியே கொஞ்சம் நில்லும்மா. பின்னலைப் பாக்கணும்."

"நான் நின்னா ரொட்டி காயும். மொத்தக் கூடையையும் நீரே வாங்கிக்கும், கல்லுக்காரரே."

வாங்கினார். அன்றிலிருந்து தினமும் நின்றாள். கல்லில் பின்னல் கழுத்தோடு ஒட்டி இறங்கியது; பாரத்தில் பாதி அதற்குப் போனது.

பின்னல் முடியுமுன் துறைமுகத்திலிருந்து செய்தி வந்தது. டெக்சியோஸின் கப்பல் புயலில் உடைந்துவிட்டது. உடல்கூடக் கிடைக்கவில்லை.

மறுநாள் கூடையில்லாமல், தலைவிரி கோலமாக மேலே வந்தாள். இறந்தவனுக்கு மனைவி கூந்தலை அறுத்துக் கல்லறையில் வைப்பது ஊர் வழக்கம்.

"ரெண்டே நாள் பொறுத்துக்க தாயி. பின்னல் பாதியில நிக்குது."

"உம்ம பொண்ணு கல்லு, காத்துக்கிட்டு நிப்பா. கடல்ல கெடக்குற மனுசனுக்குக் குடுக்க எங்கிட்ட வேற என்ன இருக்கு? ஒரு கத்தி குடும்."

அவர் கத்தியைத் தீட்டிக் கொடுத்தார். அவள் அறுத்துச் சுருட்டி எடுத்துப்போய், உடல் இல்லாத கல்லறையில் வைத்தாள். மீதிப் பின்னலை சோசாந்தர் ஞாபகத்திலிருந்து செதுக்கினார். கூரை ஏறியபோது கழுத்து தாங்கியது.

பிறகு ஒரு தோல் பதனிடுபவனைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பிள்ளைகள். பின்னாளில் பகைவர் ஊரைச் சுற்றிவளைத்த முற்றுகையில் ஊரே பட்டினி கிடந்த மாதங்களில், கிடைத்த தவிட்டில் ரொட்டி சுட்டுப் பிழைத்தாள். ஒரு திருவிழாவில் பக்கத்து வீட்டுக்காரி குன்றின் மேல் நின்ற கல் பெண்ணைக் காட்டி, "மேல நிக்கிறவ நீதானாமே?" என்றாள்.

"நானா? நான் அப்படிச் சும்மா நின்னிருந்தா எம்புள்ளைங்க என்னத்தடி தின்னுருக்கும்?"

அதற்குப் பின்னும் பல வருடம் சந்தையில் ரொட்டி விற்றாள்.